கிழக்குக் கரை மேகம்

அனெஸ்திஸ்: ...நீ போட்ட காப்பியக் குடிச்சிட்டுப் பறக்கிறதே பெரிய சாகசம். இதுல மேகத்துக்குள்ள வேற போகணுமாம்.

ஸ்மாரோ: அத்தான், டேப் ஓடுது.

அனெஸ்திஸ்: ஓடட்டுமே. நாளைக்குக் கேக்குறவங்களும் தெரிஞ்சுக்கட்டும், ரேடார் ரூம்ல விமானிய எப்படிக் கவனிக்கிறாங்கன்னு.

ஸ்மாரோ: எங்க இருக்கீங்க?

அனெஸ்திஸ்: மேல.

ஸ்மாரோ: அத்தான்!

அனெஸ்திஸ்: சரி, சரி... மேற்குக் கரை. பிளாதனோஸ் ஊரு எனக்கு இடது பக்கம். கோயில் மணிக்கூண்டு தெரியுது. மலைலேர்ந்து மேகம் இறங்கிக்கிட்டு இருக்கு.

ஸ்மாரோ: உங்களை எனக்குத் திரைல காணோம்.

அனெஸ்திஸ்: என்னைக் காட்டுற பெட்டி மறுபடியும் அவிஞ்சு போச்சு. விளக்கே எரியல.

ஸ்மாரோ: காலைல மெக்கானிக் சரி பண்ணினாரே?

அனெஸ்திஸ்: பண்ணினாரு. தட்டினாரு, ஊதினாரு, சிலுவை போட்டுக்கிட்டாரு. அதோட சரி.

ஸ்மாரோ: அப்போ நான் மேகத்தை மட்டும்தான் பாக்க முடியும். நீங்க எங்க இருக்கீங்கன்னு நீங்க வாயால சொன்னாதான் உண்டு. ஒழுங்கா சொல்லுங்க.

அனெஸ்திஸ்: என்னிக்கு நான் ஒழுங்கா சொல்லல?

ஸ்மாரோ: பதில் சொன்னா டேப்புல ஏறும், வேணாம்... இங்க பாருங்க, திரைல ரெண்டு மேகம் இருக்கு. ஆத்துக்கு மேற்கே ஒண்ணு, கிழக்கே ஒண்ணு. ரெண்டும் ஒரே உசரம். ஒரே வேகம். ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி.

அனெஸ்திஸ்: இன்னைக்கு எது நம்ம பிள்ளை?

ஸ்மாரோ: தெரியாத மாதிரி கேக்காதீங்க. காலைல லியாகோஸ் சார் பைக்குள்ள கைய விட்டாரு. சிவப்புக் கோலி வந்துச்சு. சிவப்புன்னா மேற்கு. மேற்கு மேகத்துல ஆலங்கட்டிய அடக்குற புகைக்குண்டு போடணும். கிழக்குல கை வைக்கக் கூடாது.

அனெஸ்திஸ்: கிழக்குன்னா கலாமியா. கலாமியான்னா உங்கக்கா.

ஸ்மாரோ: உங்க பெண்டாட்டியும்தான்.

அனெஸ்திஸ்: பீச் பழம் பறிக்க ஆள் பேசி வச்சிருக்கா. கூடையெல்லாம் கழுவி முத்தத்துல கவுத்து வச்சிருக்கா. நேத்து ஒரு பழத்தை அழுத்திப் பாத்துட்டு, "இன்னும் ஒரே வாரம்"னா. அந்த முகத்தை நீ பாக்கணும்.

ஸ்மாரோ: பாக்க முடியாது. எங்கிட்ட அவ முகத்தைத் திருப்பிக்கிட்டு வருஷம் ஆகப் போகுது.

அனெஸ்திஸ்: அதுக்குத்தான் சொல்றேன்—

ஸ்மாரோ: சொல்லாதீங்க. ஒரு பக்கம் போட்டு, ஒரு பக்கம் சும்மா விட்டாதானே இந்த மருந்து கேக்குதா இல்லையான்னு தெரியும்? நமக்கு வேண்டிய பக்கமாப் பாத்துப் போட்டா அதுக்குப் பேரு சோதனையா?

அனெஸ்திஸ்: நாலு வருஷமா இதையே சொல்ற.

ஸ்மாரோ: நாலு வருஷமா அதைத்தான் பண்றோம். மேகத்துக்குள்ள போயிட்டீங்களா?

அனெஸ்திஸ்: இதோ... போயிட்டேன். அடேயப்பா.

ஸ்மாரோ: என்ன?

அனெஸ்திஸ்: ஒண்ணுமில்ல. கொஞ்சம் குலுங்குது.

ஸ்மாரோ: மேற்குல அவ்வளவு குலுங்காதே... நடுவுல தூக்குற காத்து கிடைச்சுதா?

அனெஸ்திஸ்: கிடைச்சுது. தூக்குது. லிஃப்ட்ல போற மாதிரி போறேன். போடவா?

ஸ்மாரோ: போடுங்க.

அனெஸ்திஸ்: ஒண்ணு... போயிடுச்சு. அடுத்தது... அதுவும் போயிடுச்சு. நல்லாப் பத்திக்கிட்டு எரியுது. பாக்க அழகா இருக்கு. வெள்ளி உப்புக்கு இந்த அழகு எங்கேர்ந்து வருதோ.

ஸ்மாரோ: ரசிச்சது போதும். அடுத்தது.

அனெஸ்திஸ்: போட்டாச்சு. சொல்லு, ஒவ்வொரு தடவையும் கேக்குறேன், ஒரு தடவையாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இது உள்ள போயி என்ன பண்ணும்?

ஸ்மாரோ: மேகத்துல இருக்கிற தண்ணி கொஞ்சந்தான். அது நாலு பேருக்குப் போனா ஒவ்வொருத்தரும் முட்டை அளவு கல்லா வளருவாங்க. நீங்க போடுற புகைல கோடிக்கணக்குல விதை இருக்கு. அத்தனை பேருக்கும் பங்கு பிரிச்சா எவனுக்கும் வயிறு நிறையாது. பொடிப் பொடியா விழும், பாதி வழில கரைஞ்சு மழையாயிடும்.

அனெஸ்திஸ்: அப்படித்தான் நடக்குதா?

ஸ்மாரோ: அப்படித்தான் நடக்கணும்.

அனெஸ்திஸ்: நான் அதைக் கேக்கல.

ஸ்மாரோ: அதைத் தெரிஞ்சுக்கத்தானே அத்தான் இவ்வளவும்... என்ன சத்தம் அது?

அனெஸ்திஸ்: எது?

ஸ்மாரோ: டக்கு டக்குன்னு கேக்குதே.

அனெஸ்திஸ்: பின் சீட்டுல ஸ்பானர் பை திறந்து கிடக்கு. ஆடுது.

ஸ்மாரோ: கல்லு இல்லியே?

அனெஸ்திஸ்: மேற்கு மேகத்துல ஏது கல்லு? உன் திரைல தெரியுதா?

ஸ்மாரோ: இல்ல. மேற்குல இன்னும் கட்டல... இருங்க. இருங்க இருங்க.

அனெஸ்திஸ்: என்ன?

ஸ்மாரோ: அத்தான்... இறங்குது!

அனெஸ்திஸ்: எது இறங்குது?

ஸ்மாரோ: மேற்கு மேகத்தோட தலை! மேல ஏறிக்கிட்டு இருந்தது அப்படியே நின்னு... ஆமா, சரியுது. நடுவுல இருந்த சிவப்பு மஞ்சளாயிடுச்சு. அத்தான், நீங்க போட்டதுக்கு அப்புறம்! போட்ட உடனே!

அனெஸ்திஸ்: ...அப்படியா.

ஸ்மாரோ: "அப்படியா"வா? நாலு வருஷத்துல இப்படி ஒரு நாள் பாத்ததில்ல! பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மேகம், ஒண்ணுல போட்டோம், ஒண்ணுல போடல, போட்டது சாகுது! பாடப் புத்தகத்துல படம் போட்டுக் காட்டலாம்!

அனெஸ்திஸ்: கிழக்கு எப்படி இருக்கு?

ஸ்மாரோ: அது... அது ஏறுது. இன்னும் கலாமியாகிட்ட வரல. அத்தான், உங்களுக்குச் சந்தோஷமே இல்லியா?

அனெஸ்திஸ்: இருக்கு, இருக்கு. கைய விட்டுட்டுக் கூத்தாடவா சொல்ற? குலுங்குது இங்க.

ஸ்மாரோ: எங்கப்பா இருந்திருந்தா இன்னைக்கு ஒரு பாட்டில் சிப்புரோ சாராயம் திறந்திருப்பாரு... ஒரு நிமிஷம், போன் அடிக்குது.

அனெஸ்திஸ்: எடு, எடு. மந்திரிதான். மேகத்துக்கு இரங்கல் சொல்லக் கூப்பிடுறாரு.

ஸ்மாரோ: ...

அனெஸ்திஸ்: ஸ்மாரோ?

ஸ்மாரோ: ...

அனெஸ்திஸ்: ஏ புள்ள, இருக்கியா?

ஸ்மாரோ: இருக்கேன்.

அனெஸ்திஸ்: யாரு போன்ல?

ஸ்மாரோ: யாருமில்ல. ராங் நம்பர்.

அனெஸ்திஸ்: ராங் நம்பர்கிட்ட இவ்வளவு நேரம் பேசுவியா? எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேச அழுவுற.

ஸ்மாரோ: அத்தான், போதும். திரும்பி வாங்க.

அனெஸ்திஸ்: என்னது? இன்னும் பாதி குண்டு ரெக்கைல தொங்குது.

ஸ்மாரோ: தொங்கட்டும். மேற்கு மேகம் செத்துடுச்சு. செத்ததுக்கு மேல எதுக்கு மருந்து?

அனெஸ்திஸ்: இப்பதான் குதிச்ச. அதுக்குள்ள குரல் கம்மிப் போச்சு?

ஸ்மாரோ: வாங்கன்னா வாங்க.

அனெஸ்திஸ்: கிழக்கு?

ஸ்மாரோ: ...கிழக்கும் சாகுது.

அனெஸ்திஸ்: என்ன?

ஸ்மாரோ: தானா சாகுது. தலை கலைஞ்சுடுச்சு. கலாமியால மழைதான் பெய்யும். கல்லு இல்ல.

அனெஸ்திஸ்: நிஜமாவா?

ஸ்மாரோ: உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா? அத்தான், அந்தச் சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு.

அனெஸ்திஸ்: ஸ்பானர்தான்.

ஸ்மாரோ: சரி, ஸ்பானர். தெற்கே திரும்புங்க. ஏரியைப் பாத்து வாங்க. அங்க வானம் திறந்திருக்கு.

அனெஸ்திஸ்: ஏரியா? ஏரி ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? பிளாதனோஸ் மேல இருக்கிறவன் ஏரிக்கு ஏன் போகணும்?

ஸ்மாரோ: காத்து மாறியிருக்கு. சொன்னதைக் கேளுங்க. தெற்கே, ஏரிப் பக்கம். இப்பவே.

அனெஸ்திஸ்: தலையும் புரியல, வாலும் புரியல உன் பேச்சு.

ஸ்மாரோ: புரிய வேணாம். திரும்பினா போதும்... சார், கொஞ்சம் இருங்க, நான் பேசிக்கிட்டு இருக்கேன்—

லியாகோஸ்: குடும்மா, நானே சொல்றேன். கேப்டன்! லியாகோஸ் பேசறேன். கேக்குதா?

அனெஸ்திஸ்: கேக்குது சார். டைரக்டரே மைக்குக்கு வந்துட்டீங்க?

லியாகோஸ்: வராம? பக்கத்து ரூம் திரைல எல்லாத்தையும் பாத்துட்டு ஓடி வர்றேன்! மேற்கு படுத்துடுச்சு கேப்டன்! அணைச்ச அடுப்பு மாதிரி கிடக்கு!

அனெஸ்திஸ்: சந்தோஷம் சார்.

லியாகோஸ்: இந்தத் திட்டத்தை இழுத்து மூடணும்னு எத்தனை பேரு கத்தினாங்க! "வானத்துல காசைப் புகையா விடுறான்"னு எழுதினாங்களே, இனி எழுதட்டும்! ரெண்டு கரைலயும் வயலுக்கு வயல் வெள்ளித்தாள் சுத்தின பலகை வச்சிருக்கோம். கல்லு விழுந்த குழிய எண்ணினா போதும். மேற்குல பலகை கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கும். கிழக்குல... அட, அங்க பாரும்மா, கிழக்கைப் பாரு, எப்படி ஏறுது பாரு!

அனெஸ்திஸ்: ஏறுதா? சார், கிழக்கு ஏறுதா?

லியாகோஸ்: பின்னே? தொடாம விட்ட மேகம் ஏறத்தானே செய்யும்? இந்த வருஷத்துலயே பெரிய மேகம் இதுதான். இந்நேரம் கலாமியால—

ஸ்மாரோ: சார், மைக்கை இப்படிக் குடுங்க.

லியாகோஸ்: என்னம்மா?

ஸ்மாரோ: குடுங்க சார். அவரு வீடு அங்கதான் இருக்கு.

லியாகோஸ்: ...அட கடவுளே. மறந்துட்டேன். கேப்டன், மன்னிக்கணும். நான்... நான் ஏதென்சுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்.

அனெஸ்திஸ்: போயிட்டாரா?

ஸ்மாரோ: போயிட்டாரு.

அனெஸ்திஸ்: "உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?" கிழக்கு சாகுதுன்னு சொன்ன.

ஸ்மாரோ: ஆமா.

அனெஸ்திஸ்: நான் ஆத்தைத் தாண்டிடுவேன்னு பயந்து சொன்ன.

ஸ்மாரோ: ...அப்படியே வச்சுக்கங்க.

அனெஸ்திஸ்: என்ன பொம்பள நீ? உன் அக்கா தலைக்கு மேல வந்து நிக்குது. நீ பிறந்த வீட்டுக்கு மேல.

ஸ்மாரோ: தெரியும்.

அனெஸ்திஸ்: போன வருஷமும் இப்படித்தான் ஒரு கோலி. குண்டு முழுக்க ரெக்கைல வச்சுக்கிட்டு மேற்குல வட்டம் அடிச்சேன். கிழக்குல வெள்ளைத் திரை மாதிரி இறங்குறதை ஜன்னல் வழியாப் பாத்தேன். நீ "இருங்க, இருங்க"ன்னே சொல்லிக்கிட்டு இருந்த. கீழ உங்கப்பா மரத்து மேல வலைய இழுத்துப் போட ஓடியிருக்காரு.

ஸ்மாரோ: அத்தான், டேப்.

அனெஸ்திஸ்: டேப்பைத் தூக்கி ஆத்துல போடு! கல்லு ரொம்பி வலை பாரம் தாங்காம, கம்பத்தோட அவரு மேலயே சாஞ்சுது. உங்கக்கா மாலமா தனியா இழுத்திருக்கா. இழுத்து இழுத்து அவ நகம் பிஞ்சு போச்சு. நான் வந்து இறங்கினப்ப அவ உள்ளங்கைய விரிச்சுக் காட்டினா.

ஸ்மாரோ: நான் எங்க இருந்தேன்னு நினைச்சீங்க? இதே நாற்காலி. எங்கப்பா தலைக்கு மேல அது வந்ததை ஒரு சிவப்புப் பொட்டாப் பாத்தேன். பொட்டு நகர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அனெஸ்திஸ்: "போங்க"ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்.

ஸ்மாரோ: சொல்லியிருந்தா? நீங்க போயி போட்டிருந்தா? நின்னிருக்குமா?

அனெஸ்திஸ்: நின்னிருக்கும்.

ஸ்மாரோ: தெரியுமா உங்களுக்கு? அப்பா மேல சத்தியமாச் சொல்லுங்க. தெரியுமா?

அனெஸ்திஸ்: ...தெரியாது.

ஸ்மாரோ: எனக்கும் தெரியாது. ராத்திரி படுத்தா அது ஒண்ணுதான் ஓடுது. நான் அவரைக் கொன்னேனா, இல்ல எது பண்ணியிருந்தாலும் அவரு போயிருப்பாரா? அதைத் தெரிஞ்சுக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க முடியாது. இல்லேன்னா எப்பவோ தெசலோனிக்கில ஸ்கூல் டீச்சரா போயிருப்பேன்.

அனெஸ்திஸ்: அழறியா?

ஸ்மாரோ: இல்ல.

அனெஸ்திஸ்: அழறே.

ஸ்மாரோ: அப்பாவோட நாற்பதாம் நாள் கோயில்ல அவிச்ச கோதுமை குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அக்கா தட்டை எடுத்துக்கிட்டு எல்லாருக்கும் நீட்டிக்கிட்டே வந்தா. எனக்கு முன்னாடி நின்னவருக்குக் குடுத்தா. எனக்கு அடுத்தவருக்குக் குடுத்தா. என் கை நீட்டினபடியே இருந்துச்சு.

அனெஸ்திஸ்: பாத்தேன்.

ஸ்மாரோ: பாத்தீங்களா? யாரும் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அனெஸ்திஸ்: அவளும் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல... பேசுவா ஸ்மாரோ. இன்னைக்கு மட்டும் தோட்டம் தப்பிச்சுதுன்னா பேசுவா. நான் பேச வைப்பேன்.

ஸ்மாரோ: அத்தான். இன்னும் எத்தனை குண்டு மிச்சம் இருக்கு?

அனெஸ்திஸ்: கொஞ்சம்.

ஸ்மாரோ: பொத்தான்லேர்ந்து கைய எடுங்க. போதும்ன்னு சொல்லிட்டேன்ல? ஒரு தோட்டம்தானே. மரம் மறுபடி துளிர்க்கும். வாங்க வெளிய.

அனெஸ்திஸ்: எதுலேர்ந்து வெளிய?

ஸ்மாரோ: ...மேகத்துலேர்ந்து. எந்த மேகமா இருந்தா என்ன?

அனெஸ்திஸ்: இன்னும் ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துடறேன்.

ஸ்மாரோ: வேணாம்.

அனெஸ்திஸ்: ஒரே தடவை. மிச்சத்தையும் கொட்டிட்டு—

ஸ்மாரோ: உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன் அத்தான், தெற்கே திரும்புங்க!

அனெஸ்திஸ்: ...போயிடுச்சு. இதுவும்... இதுவும். வா, வா, வாங்கிக்க... இந்தா, கடைசி. முடிஞ்சுது. ரெக்கை காலி.

ஸ்மாரோ: திரும்பிட்டீங்களா?

அனெஸ்திஸ்: திரும்பறேன், திரும்பறேன்... ஆ! அம்மா!

ஸ்மாரோ: அத்தான்?

அனெஸ்திஸ்: ...

ஸ்மாரோ: அத்தான்! பதில் சொல்லுங்க! அனெஸ்திஸ்!

அனெஸ்திஸ்: ...இருக்கேன். கண்ணாடி. முன் கண்ணாடி போச்சு. மூஞ்சில அடிக்குது.

ஸ்மாரோ: கண்ணு?

அனெஸ்திஸ்: ஒண்ணு தெரியுது. ஒண்ணுல ரத்தம். சத்தமாப் பேசு, காத்து இரையுது.

ஸ்மாரோ: என்ஜின்?

அனெஸ்திஸ்: இடது நின்னுடுச்சு. வாயில பனி அடைச்சிருக்கும். வலது இருமுது.

ஸ்மாரோ: வலதை விட்டுடாதீங்க. மூக்கைக் கீழ தாழ்த்தி வையுங்க. கீழ போகப் போக சூடு ஏறும், பனி உருகும்.

அனெஸ்திஸ்: எனக்கே பாடமா?

ஸ்மாரோ: ஆமா, பாடம்தான். செய்யுங்க. ஒரு நிமிஷம் இருங்க, இதோ வந்துட்டேன்.

அனெஸ்திஸ்: எங்க போற? ஸ்மாரோ? விட்டுட்டுப் போகாத... ஸ்மாரோ!

ஸ்மாரோ: ...

அனெஸ்திஸ்: புள்ள, உன் காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. கேக்குதா? சும்மா சொன்னேன்.

ஸ்மாரோ: வந்துட்டேன். வந்துட்டேன் அத்தான்.

அனெஸ்திஸ்: எங்க போன?

ஸ்மாரோ: ரெண்டு போன் பண்ணினேன். வலது என்ஜின் எப்படி?

அனெஸ்திஸ்: அதுவும் நின்னுடுச்சு. இப்ப பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு. மேகத்தை விட்டு வெளிய வந்துட்டேன்... சறுக்கிக்கிட்டு வர்றேன்.

ஸ்மாரோ: உசரம் இருக்கா?

அனெஸ்திஸ்: ரன்வே வரைக்கும் இல்ல. ஒரு வயலைப் பாக்கணும்.

லியாகோஸ்: என்னம்மா ஆச்சு? ஏன் இப்படி நிக்கற?

ஸ்மாரோ: ரெண்டு என்ஜினும் நின்னுடுச்சு சார். கீழ இறங்கறாரு.

லியாகோஸ்: ஐயோ... மேற்கு மேகம்தான் செத்துடுச்சே, அதுக்குள்ள எப்படி? கேப்டன்! கேப்டன், பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாத்தையும் பிளாதனோஸ் ரோட்டுக்கு அனுப்பறேன். எந்த வயல்னு மட்டும் சொல்லுங்க. ஊருக்கு வடக்கேயா, தெற்கேயா? கேப்டன்! பிளாதனோசுக்கு எந்தப் பக்கம்?

அனெஸ்திஸ்: சார்... பிளாதனோசுக்கு அனுப்பாதீங்க.

லியாகோஸ்: ஏன்?

அனெஸ்திஸ்: நான் மேற்குல இல்ல. கிழக்குல இருக்கேன். முதல்லேர்ந்தே கிழக்குலதான் இருந்தேன். பெட்டி ஒண்ணும் கெட்டுப் போகல, நான்தான் அணைச்சு வச்சேன்.

லியாகோஸ்: என்ன உளர்றீங்க? மேற்குல போட்டீங்களே? ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிப் போட்டீங்களே?

அனெஸ்திஸ்: எல்லாம் கிழக்குல போட்டது சார். கலாமியா மேகத்துல. ஒண்ணு பாக்கி இல்ல.

லியாகோஸ்: அப்போ மேற்கு? நாம கண்ணால பாத்தோமே? போட்ட உடனே செத்துச்சே!

அனெஸ்திஸ்: அதுல நான் ஒண்ணும் போடல சார். அது தானா செத்துச்சு.

லியாகோஸ்: ...போட்டது ஏறுச்சு. போடாதது செத்துச்சு.

அனெஸ்திஸ்: ஆமா சார்.

லியாகோஸ்: நான் ஏதென்சுக்குச் சொல்லிட்டேனேய்யா... இப்பதான் சொல்லிட்டு வர்றேன்...

அனெஸ்திஸ்: மன்னிச்சிருங்க சார். ஸ்மாரோ... ஸ்மாரோ, நீயும்தான். உன் நாலு வருஷத்தையும் நாசம் பண்ணிட்டேன். காப்பாத்தினேனான்னா அதுவும் இல்ல. இப்ப கீழ பாக்குறேன், எல்லாம் வெள்ளை. ரோடு எது, கூரை எதுன்னு தெரியல. நம்ம தோட்டத்துல மரமெல்லாம் குச்சி குச்சியா நிக்குது. ஒரு இலை இல்ல. கால்வாய்க்கு அந்தப் பக்கம் சோளக்கொல்லை அப்படியே படுத்துக் கிடக்கு, அதுல இறக்கப் பாக்குறேன்... யாரது?

லியாகோஸ்: யாரு? யாரு கேப்டன்?

அனெஸ்திஸ்: கொல்லை ஓரத்துல ஒரு ஆளு நிக்குது சார். தலைல பழக்கூடைய கவுத்துக்கிட்டு, சிவப்புத் துணியை ஆட்டுது. பைத்தியமா, இன்னும் கல்லு விழுந்துக்கிட்டு இருக்கு... நான் இங்க வர்றேன்னு யாருக்குத் தெரியும்?

ஸ்மாரோ: அது அக்கா, அத்தான். முதல்ல வந்த போனும் அவதான். "உங்க அத்தான் விமானச் சத்தம் என் தலைக்கு மேல கேக்குது ஸ்மாரோ, அவரை அதுக்குள்ளேர்ந்து வெளிய கூப்பிடு"ன்னு அழுதா. உங்க வேலை போயிடக் கூடாது, டேப்புல ஏறிடக் கூடாதுன்னு நானும் பொய் சொல்லிப் பாத்தேன், ஏரிப் பக்கம் திருப்பிப் பாத்தேன். நீங்க கேக்கல. கண்ணாடி உடைஞ்சப்பவே ஆம்புலன்சுக்கும் சொல்லிட்டேன், வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சு. சோளம் படுத்துப் போச்சு, அங்கதான் இறக்குவாருன்னு அவளை நான்தான் நிக்கச் சொன்னேன். அவ நிக்கிற பக்கத்துலேர்ந்து எதிர்க்காத்து அடிக்குது. அவளைப் பாத்தே வாங்க.